கற்பகத்தின் மாடியில் நடந்த வானிலை

மட்டாஞ்சேரியில் கற்பகத்தின் வீட்டு மொட்டைமாடியில் மட்டும், சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்குக் காலையில் அனுப்பப்படும் வானிலைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அது அப்படியே நடந்துவந்தது. ஊர் வானத்தில் அது நடக்காது, அது வேறு விஷயம். ஊரெல்லாம் வெயில் காயும்போது குறிப்பில் இடியுடன் மழை என்று இருந்தால், அந்த இடி கற்பகத்தின் தண்ணீர்த்தொட்டிக்கு மேல் இடிக்கும். ஊரெல்லாம் பருவமழையில் மிதக்கும்போது குறிப்பில் தெளிந்த வானம் என்று இருந்தால், பக்கத்து வீட்டுச் சரோஜம்மா ஏணி ஏறி வந்து அங்கே பப்படம் காயவைத்துவிட்டுப் போவார். கற்பகத்தின் மகள் மகா, அரசு உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்து, காயலோரத்து ஓடுதளத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் இது ஆரம்பித்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மாடிக்குப் போய்த்தான் அவள் கைப்பேசியில் குறிப்பைத் திறந்து வாசிப்பாள். அவள் வாசித்து முடிப்பதற்குள் அது பெய்யவோ காயவோ தொடங்கிவிடும்.

வாசிக்காமலும் இருக்க முடியாது. குறிப்பு கையில் இல்லாமல் எஞ்சினைத் தொடக்கூடாது என்பது விதி. கையில் இருந்தால் போதும், அது உண்மையா என்று கேட்க விதி இல்லை. மகா ஓட்டியது ஒற்றை எஞ்சின் வைத்த நான்கு பேர் விமானம். கும்பளங்கிக் காயலையும் சீன வலைகளையும் மேலிருந்து பார்க்க ஆசைப்படும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு வருவாள். பெரிய விமானம் மழையைக் கிழித்துக்கொண்டு போய்விடும். மகாவின் விமானத்துக்கு ஒரு கருமேகம் போதும். அதனால் அந்தக் குறிப்பை எழுதுகிறவன் கையில்தான் தன் மகளின் உயிர் இருக்கிறது என்று கற்பகம் புரிந்துகொண்டாள். புரிந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

எழுதுகிறவன் பெயர் பிரதீஷ். தேவராவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சின்ன விமானங்களுக்கென்றே குறிப்பு தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் அதற்கும் ஒரு மறுப்பு தயாரிப்பார்கள். அங்கே ஜன்னல் உண்டு, ஆனால் ஏசி போட்டிருப்பதால் திறக்கமாட்டார்கள். எப்போதோ யாரோ ஒரு விமானி, மழையைப் பற்றிச் சொல்லவில்லை என்று புகார் கொடுத்ததிலிருந்து, எல்லாவற்றையும் எழுதிவைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மழைக்கு வாய்ப்பு, மூடுபனிக்கு வாய்ப்பு, பலத்த காற்றுக்கு வாய்ப்பு. எழுதுகிறவர்களுக்கு ஆபத்தில்லை, பாடுபடுவது கற்பகத்தின் மாடிதான். முப்பது சதவீத வாய்ப்பு என்று எழுதினால் மாடியின் ஒரு மூலையில் மட்டும் மழை கொட்டும், மற்ற இடம் சுடும். அங்கங்கே மூடுபனி என்றால் கொடியில் தொங்கும் பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவில் பனி வந்து உட்காரும். ஒருநாள் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். துளிகள் தலையுயரம் வரை இறங்கி, மேற்கொண்டு வருவதா வேண்டாமா என்று தெரியாமல் பொழுது சாயும்வரை அப்படியே நின்றன. கற்பகம் குனிந்து குனிந்து துணி காயப்போட்டாள்.

ஜூ டவுன் என்ற யூதர் தெருவின் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் வேலையில் விடுப்பு கிடைக்கும் போதெல்லாம் அவள் தேவராவுக்குப் போய்ச் சண்டை போட்டாள். "சாரே, வெளிய ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு எழுதுனா விரலு தேஞ்சா போகும்?" என்பாள். பிரதீஷ் கெட்டவன் இல்லை. நாற்காலி போடுவான், சாயா வாங்கித் தருவான், திருத்தமட்டும் மாட்டான். "சேச்சி, வாய்ப்பு உண்டுன்னல்லே எழுதியிருக்கு, பெய்யும்னு எழுதலையே. நாளைக்கு ஒருத்தன் வந்து சொல்லலைன்னு கேட்டா எனக்கல்லே ஜோலி போகும்" என்பான். திருத்தினால் முதலில் எழுதியது தப்பு என்று ஆகிவிடும். அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குறிப்பும் திருத்தப்பட்டதில்லை, அதைப் பெருமையாக வாசலில் எழுதியே போட்டிருந்தார்கள்.

போன வருடம் துலாமாதத்தில், அதாவது ஐப்பசியில், ஒரு காலை மகா தெளிந்த வானம் என்ற குறிப்பை வாசித்துவிட்டுப் போனாள். ஊருக்கு மேலும் தெளிந்த வானம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துணி காயப்போட ஏறிய கற்பகம், கொடியில் ஏற்கெனவே துணி தொங்குவதைப் பார்த்தாள். நேற்றைய துணி. நேற்றே காய்ந்து, எடுத்து, மடித்து பீரோவில் வைத்த அதே சேலைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. தரையில் விழுந்திருந்ததும் நேற்றைய வெயில், சரோஜம்மாவின் நேற்றைய பப்படத்தோடு. பிரதீஷ் தேதியை மட்டும் மாற்றி நேற்றைய குறிப்பையே அனுப்பியிருக்கிறான் என்று கற்பகத்துக்கு உடனே விளங்கியது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

தோப்பும்படி பாலம் தாண்டும்போது மேற்கே கடல் கறுத்தது. தேவராவில் இறங்கும்போது மழை ஆளைத் தள்ளியது. பிரதீஷின் மேசையில் இரண்டு கையாலும் அடித்து, "என் மக மேல பறந்துட்டிருக்கா. இப்பவே திருத்து" என்றாள். அவன் அப்போதுதான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். அவனுக்கும் மனசு என்று ஒன்று இருந்திருக்கிறது. வேலை போனாலும் போகட்டும் என்று திருத்தத்தை எழுதி முடித்து, அனுப்புகிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனபோது கற்பகத்தின் கைப்பேசி அடித்தது. சரோஜம்மா.

"கற்பகமே, ஊரு முழுக்க மழ. உன் மாடியில மாத்ரம் வெயில். மகா அதுக்குள்ளதான் சுத்திக்கிட்டிருக்கு."

ஓடுதளம் மழையில் மறைந்ததும் திரும்பிய மகா, கருமேகத்துக்குள் ஒரே ஒரு வெளிச்சத் துவாரத்தைப் பார்த்திருக்கிறாள். அதன் அடியில் தன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியும் அம்மாவின் சேலைகளும் தெரிய, உள்ளே நுழைந்துவிட்டாள். ஒரு வீட்டகல வெயிலில் விமானம் எப்படித் திரும்பும் என்று கேட்கிறவர்களுக்கு, மேலே போகப்போக அகலமாக இருந்தது என்று அவள் சொல்கிறாள். உள்ளே இருந்தது நேற்றைய காலை என்பதால் எரிபொருள் முள்ளும் நேற்றைய இடத்திலேயே, நிறைந்த தொட்டியில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்ப் புதுமணத் தம்பதி மட்டும், ஏன் ஒரே வீட்டையே காட்டுகிறீர்கள் என்று அலுத்துக்கொண்டார்கள்.

கற்பகம் எட்டி பிரதீஷின் மணிக்கட்டைப் பிடித்தாள். "தொடாத. திருத்துனா அந்த வெயிலு போயிரும். என் பிள்ள அதுக்குள்ள இருக்கா." பிரதீஷுக்குத் தாங்கவில்லை. "இத்தன வருஷமா திருத்து திருத்துன்னு என் உயிர எடுத்தது நீங்கதானே, சேச்சி" என்றான். பிறகு விரலை எடுத்துக்கொண்டான். மேலே போயிருந்தது மகா ஒருத்திதான். தரையில் இருந்த மற்ற விமானிகளை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, குறிப்பை நம்பாதே, நான் எழுதியது பொய், கிளம்பாதே என்று தன் வாயாலேயே சொன்னான். எழுத்தில் இருந்த பொய்யைக் கற்பகம் மணிக்கட்டோடு பிடித்துக் காவல் காத்தாள். தான் வாழ்நாளில் வெறுத்த ஒன்று இன்னும் கொஞ்சநேரம் நிலைக்க வேண்டும் என்று, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். மழை விட்டு, மகா தரையிறங்கிவிட்டாள் என்று தகவல் வந்த பிறகுதான் அவள் பிடியை விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மகளின் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுக் கற்பகம் அழுதாள். சோறு போடும்போது, "இனிமே நான் அங்க சண்டைக்குப் போகமாட்டேன். அவன் எழுதுறத எழுதட்டும். அவன் பொய்தான் உன்னக் காப்பாத்துச்சு" என்றாள். மகா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கு நம்ம மாடி இருந்துச்சும்மா. மத்தவங்களுக்கு என்ன இருக்கு?"

மறுநாள் காலை ஊரெல்லாம் நல்ல வெயில். மாடியில் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. கற்பகம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறி, துணிகளை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு கிடங்குக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, தேவரா பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.