பெல் துணி

வேந்தனைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். கால்கள் பின்னால் வரும். அவை எப்படியும் யார் பேச்சையும் கேட்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். பதினான்கு மாதமாக இதைச் செய்கிறேன். மூடிப்போன தங்கச் சுரங்கத்தைச் சுற்றி இருக்கிற எங்கள் ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதியில் எனக்கு பைக் ரிப்பேர் கடை. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று கையில் இருக்கும் கிரீஸைத் துடைத்துக்கொண்டு மாரிகுப்பத்தில் இருக்கிற அவன் வீட்டுக்கு ஓடி வருகிறேன். அடிக்கடி எழுந்து ஓடுவதைப் பார்த்து, கடைக்கு வருகிறவர்கள் எனக்குச் சர்க்கரை வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

என் கூட்டாளி வேந்தனுக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா சங்கமித்ரா மட்டும்தான். காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் நின்றுகொண்டே திரும்பி வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு டீ போட்டுக் கொடுப்பார். கொடுக்கும்போது தவறாமல் ஒன்றைச் சொல்வார்.

"அன்னிக்கு நீ பெல் குடுக்கலன்னா இவன் போயே இருப்பான் சேரா."

அதைக் கேட்கும்போதெல்லாம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று இருக்கும். போனதில்லை. டீயைக் குடித்துவிட்டுத்தான் வருவேன். என்னை மாதிரி வெட்கம் கெட்டவனை இந்த ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெல் என்று அவர் சொன்னது மணியை அல்ல, ஒரு சிவப்புத் துணியை.

என் அப்பா சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கிற இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, கிணறு மாதிரி ஆழமான ஷாஃப்டுக்குள் இறக்கி ஏற்றுகிற என்ஜின் அது. கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், நிற்கிறவன் பெல் அடிப்பான். அப்பா நிறுத்துவார், இறக்குவார், ஏற்றுவார். ஏன் என்று கேட்கிற பழக்கம் அந்த வேலையில் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போவான். சுரங்கத்தை மூடியபோது நானும் வேந்தனும் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆனாலும் இந்தப் பேச்சு எங்கள் இரண்டு வீட்டிலும் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால்கூட "பெல் அடிச்சாச்சு, நிறுத்து" என்போம். நிறுத்தியும் விடுவோம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு டர்ட் பைக்கை ஒட்டுப்போட்டுக் கட்டினோம். பாலகாட் பக்கம் இருக்கிற சைனைடு மேட்டில் ஓட்டி, விளிம்பிலிருந்து காற்றில் தாவுவோம். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடு அது. ஒருவன் ஓட்டினால் மற்றவன் வண்டி இறங்குகிற இடத்தில் சிவப்புத் துணியோடு நிற்பான். காற்றில் இருக்கிறவனுக்கு முன்சக்கரம் எப்படி வருகிறது என்று சரியாகத் தெரியாது, கீழே இருக்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் நினைப்பு. துணி கீழே இருந்தால் வண்டியைப் பிடித்துக்கொள். துணி மேலே போனால் வண்டியைத் தள்ளிவிட்டுக் குதி. எஞ்சின் சத்தத்தில் மணி எங்கே கேட்கும்? அதனால் துணி. அதற்கு பெல் என்று பேர் வைத்தது நான்தான். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாக இருந்தது.

அன்றைக்கு மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் பெயர்ந்து விழுமா என்று கம்பியால் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். நாங்களும் வண்டி இறங்குகிற இடத்தைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்போம். அன்று தட்டியது நான். சக்கரம் இறங்குகிற தடத்தை மட்டும் தட்டினேன். ஓரத்தைத் தட்டவில்லை. அந்த மேட்டில் யார் தட்டுவார்கள்? பிளாஸ்டிக் சாக்கில் உட்கார்ந்து சறுக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். தலைகீழாக விழுந்தாலும் மூக்கில் மாவு மாதிரி மண் ஏறுமே தவிர வேறொன்றும் ஆகாது. வெளியூர்க்காரனாக இருந்தால் பயந்து போய் ஓரத்தையும் தட்டியிருப்பான். மழையில் ஊறி வெயிலில் காய்ந்த அந்த மண் சிமெண்டாக இறுகியிருந்தது எனக்குத் தெரியவில்லை. சொந்த ஊர் மண்ணாயிற்றே என்ற திமிர்.

வேந்தன் மேட்டின் விளிம்பிலிருந்து எழும்பினான். எழும்பியதுமே முன்சக்கரம் கீழே சாய்ந்தது. நான் துணியைத் தூக்கினேன். அவன் வண்டியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். ஓரத்தில் முதுகு அடிபட விழுந்தான். அந்தச் சத்தம் மண்ணில் விழுந்த சத்தமாகவே இல்லை.

பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நான் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அக்கா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசிராவது மிஞ்சிச்சே" என்றார்.

பத்து நாள் கழித்து டக்ளஸ் கடைக்கு வந்தான். எங்களோடு ஓட்டுகிறவன். அன்று எதிர்ப்பக்கம் நின்று போனில் படம் எடுத்திருக்கிறான். என் போனுக்கு அனுப்பிவிட்டு, என் கண்ணெதிரே தன்னுடையதை அழித்தான். "நீயே வச்சிக்கோ" என்றான். பதினொரு விநாடிப் படம். முன்சக்கரம் சாய்கிறது. வேந்தன் த்ராட்டிலை முறுக்குகிறான். சக்கரம் மெல்ல எழுந்து சமனுக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஓரத்தில் சிவப்பாக ஒன்று மேலே போகிறது. அவன் குதிக்கிறான். வண்டி, மேலே ஆளே இல்லாமல், இரண்டு சக்கரத்திலும் அழகாக இறங்கி, கொஞ்ச தூரம் நேராக ஓடி, அப்புறம்தான் சாய்கிறது.

அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவையாவது சக்கரம் எழாமல் போய்விடாதா என்று பார்ப்பேன்.

அதை நான் யாருக்கும் காட்டவில்லை. வேந்தனோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சேரன்தான் என்னைக் காப்பாற்றினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். உயிர் பிழைத்தோம் என்ற அந்த ஒன்றுதான் அவனிடம் மிச்சம். அதையும் நான் பிடுங்கிக்கொண்டால் அவன் எதை வைத்துக்கொண்டு படுத்திருப்பான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் நேத்ரா வந்தாள். இங்கே இருக்கிற பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியராக இருப்பவரின் மகள். கல்லூரியில் படிக்கிறாள், நன்றாக ஓட்டுவாள். அடுத்த வாரம் அதே மேட்டில் அவளுக்குப் பந்தயம்.

"அண்ணா, லேண்டிங் தப்பாப் போச்சுன்னா குதிக்கணுமா, பிடிச்சிக்கணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, கேக்குறேன்."

வேந்தன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவளிடம் சொன்னான்.

"கீழ நிக்கிறவன் குதின்னா குதிம்மா. யோசிக்காதே. அப்படிக் குதிச்சதாலதான் நான் உன்கிட்ட பேசிக்கினு இருக்கேன்."

அவள் தலையாட்டிவிட்டு, எனக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. இன்னொரு முதுகும் போகட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? போனை எடுத்துப் படத்தைத் திறந்து அவன் முகத்துக்கு எதிரே நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "டக்ளஸ் எடுத்ததா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அவன் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கினு நின்னதை மேலர்ந்து பார்த்தேன். உள்ள வை. எனக்கு வேணாம்."

"வேந்தா, வண்டி நேராதான் வந்துச்சு. பிடிச்சிக்கினு இருந்திருந்தா இறங்கியிருப்பே. நான்தான் அவசரப்பட்டு..."

"தெரியும்."

நீட்டிய போனைக் கீழே இறக்கினேன்.

"த்ராட்டில் குடுத்ததும் முன்னாடி தூக்கிச்சு. கையில தெரிஞ்சிது. இறங்கிடும்னு தெரிஞ்சிது. அப்பதான் உன் துணி மேல போச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா விட்டே?"

"பெல் அடிச்சா அடிச்சதுதானே" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட இன்னாத்துக்கு அப்படிச் சொன்னே?"

"நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியே. நீ போய் அதுக்கு போன் பண்ணு. வண்டி கையில கீதுன்னு தோணுச்சுன்னா யார் இன்னா சொன்னாலும் விடாதேன்னு சொல்லு. மண்ணைச் சுத்திலும் தட்டிப் பார்க்கச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

"இத்தினி நாளா சேரன் காப்பாத்தினான், சேரன் காப்பாத்தினான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியேடா."

அவன் சுவரைப் பார்த்தான்.

"வேற இன்னா சொல்றது? நிஜத்தைச் சொன்னா நீ ரெண்டு நாள் இங்க உக்காந்து அழுவே. மூணாம் நாள் மூஞ்சியைக் காட்ட முடியாம வராம நின்னுடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? அக்கா வேலைக்குப் போவணும். அவ ஒருத்தியால என்னைத் தூக்க முடியாதுடா."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. பதினான்கு மாதமாக நான் உண்மையை மறைத்து இவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்தபடியே அவன் என்னை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ரெண்டாகிப் பத்து நிமிஷம் ஆச்சு" என்றான்.

போனைப் பையில் போட்டேன். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. ஒன்றாகத் திருப்பினேன். கால்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் தலையணையைச் செருகினேன். இப்போது அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

"நாலு மணிக்கு வருவியா?" என்று கேட்டான்.

பதினான்கு மாதத்தில் அவன் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வருவேன் என்றேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை.