பத்துக்கு மூன்றரை

பொருளியல் பேராசிரியர் அருள்நாதன் பற்றாக்குறையைப் பற்றி வகுப்பில் பாடம் எடுப்பார். விடைத்தாளில் அதற்குச் செய்முறை காட்டுவார். பத்து மதிப்பெண் தேர்வில் அவருடைய சிவப்புப் பேனா இரண்டில் தயங்கி, மூன்றில் வருந்தி, அபூர்வமாக மூன்றரையில் போய் நிற்கும். மூன்றரை வாங்கியவனுக்குக் கேண்டீனில் ஒரு வாரம் நாங்கள் டீ வாங்கித் தருவது வழக்கம். நான்கு வாங்கியவர் ஒருவர் இருந்ததாகவும் அவர் இப்போது ஆஸ்திரேலியாவில் இருப்பதாகவும் சீனியர்கள் சொல்வார்கள். இரண்டுக்குமே ஆதாரம் இல்லை.

அதே கை மாலையில் பூப்பந்து மட்டையைப் பிடித்தால் வள்ளலாகிவிடும். ஆண்டுதோறும் மார்ச்சில் ஆசிரியர் அணிக்கும் மாணவர் அணிக்கும் நடக்கும் ஆட்டத்தில், மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைப் புறங்கையால் அடித்து எங்கள் காலடியில் அள்ளி அள்ளிக் கொடுப்பார். அவர் ஆடிய எந்த ஆண்டும் மாணவர் அணி ஜெயித்ததில்லை. வருகிற மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். ஆகவே இந்த மார்ச் ஆட்டம் அவருக்குக் கடைசி.

ஆனால் வலது முழங்கை ஒத்துழைக்கவில்லை. தசைநாணில் ஒரு வருடத்துக்கும் மேலாக வலி. தைலம், பட்டை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. டீ கிளாஸைத் தூக்கினால் பாதி சட்டையில். கரும்பலகையில் இடது கையால் எழுத ஆரம்பித்தார். அவர் வரைந்த தேவைக் கோடு சிறுமலை மலைப்பாதை மாதிரி வளைந்தது.

"கை சரியாகலைனா நான் விசில் ஊதுறேன். வேற யாராச்சும் ஆடட்டும்" என்று அவர் சொன்னபோது, மாணவர் அணித் தலைவனான நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை ஜெயித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்தச் சனிக்கிழமையே அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு என் அக்காவிடம் போனேன்.

அக்கா தமிழ்மதி பிசியோதெரபிஸ்ட். பேகம்பூர் போகும் வழியில், ஒரு பாத்திரக் கடை மாடியில் கிளினிக். ஷாக்வேவ் இயந்திரம் புதிதாக வாங்கியிருந்தாள். அதைத் தூசி தட்டும்போதுகூடப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் தட்டுவாள்.

"கரண்டாம்மா?" என்றார் சார், அதன் துப்பாக்கி மாதிரியான முனையைப் பார்த்து.

"இல்ல சார், காத்து. அமுக்குன காத்து உள்ள ஒரு சின்னக் குண்டத் தள்ளும். அது முனையில போய் அடிக்கும். அந்த அதிர்வு தோலத் தாண்டிப் போகும். இது பழைய காயம், ஒடம்பு கண்டுக்காம விட்ருச்சு. நாம தட்டி ஞாபகப்படுத்துறோம், அம்புட்டுதான்."

"எல்லாருக்கும் கேக்குமா?"

"நெறைய பேருக்குக் கேக்குது. கேக்காதவங்களும் இருக்காங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வலி எங்க அதிகம்னு நீங்க சொன்னாத்தான் சரியான எடத்துல வைக்க முடியும். வலியே இல்லைனா சைபர், தாங்கவே முடியலைனா பத்து. அமுக்க அமுக்க நம்பர் சொல்லுங்க."

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்தேன். அடுத்த சனி, அதற்கடுத்த சனி என்று வாராவாரம் போனோம். முழங்கை அப்படியே இருந்தது. ஆசிரியர் அணியில் விசிலைத் துடைத்து வைத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கத்தரிக்காய் வெஞ்சனத்தை என் தட்டில் வைத்தபடி அக்கா சொன்னாள்: "ஏலே மதன், ஒங்க சாருக்கு உண்மையிலேயே வலிக்குதா? எங்க அமுக்குனாலும் மூணுங்கறாரு. மூணுனா லேசான வலிடா. மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னா, பரீச்ச ஹால் சூப்பர்வைசர் மாதிரி வச்சிருக்காரு. வழக்கமா வைக்கிற எடத்துல வச்சு விட்டுட்டு இருக்கேன்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"மூணா? அக்கா, மூணுனா அவரு உள்ளுக்குள்ள கதறிட்டு இருக்காருனு அர்த்தம்."

"என்னடா ஒளறுற?"

"மூணு வருசமா அவருகிட்ட மார்க் வாங்குறேன். ரெண்டுனா பாஸ், மூணுனா பிரமாதம். மூணரைனா ஒரு வாரம் டீ. நீ பத்துக்கு எம்புட்டுனு கேட்ருக்க. அந்த மனுசன் திருத்த ஆரம்பிச்சுட்டாரு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "சனிக்கெழம நீயும் உள்ள வா" என்றாள்.

சனிக்கிழமை நான் மொழிபெயர்ப்பாளராகக் கட்டிலருகே நின்றேன். அக்கா கட்டைவிரலால் முழங்கையின் வெளிப்புற எலும்பில் அழுத்தினாள்.

"மூணு" என்றார் சார்.

சற்றுத் தள்ளி. "மூணு."

எலும்புக்குக் கீழே. அவர் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். "மூணே கால்."

நான் இன்னும் கிட்டே குனிந்தேன். அக்கா ஒரு நகக்கண் அளவு இறக்கினாள்.

"மூணரை."

"அக்கா, அங்கதான். கைய எடுக்காத."

"நீ எதுக்குடா கத்துற?" என்றார் சார்.

"மூணரை போட்டுட்டீங்க சார்."

"போட்டேன். அதுக்கென்ன?"

அக்கா பேனாவால் அந்த இடத்தில் புள்ளி வைத்து, ஜெல் தடவி, முனையை அழுத்தினாள். டக் டக் டக் என்று மரங்கொத்தி மாதிரி இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. சாருடைய கண்காணிப்பாளர் முகத்தில் முதன்முறையாக ஓர் எழுத்துப் பிழை தெரிந்தது.

"இப்ப எம்புட்டு சார்?"

"நாலு."

நான் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன்: 'அருள்நாதன் சார் நாலு போட்டுட்டார்.' போன் துள்ளியது. 'யாருக்கு?' என்று வரிசையாகக் கேட்டார்கள். 'முழங்கைக்கு' என்றேன்.

"இப்ப?"

"ஆறு... ஏழும்மா, ஏழு."

அக்கா உடனே அழுத்தத்தைக் குறைத்தாள். முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "இத மொத வாரமே சொல்லிருக்கலாம்ல சார்" என்றாள்.

"ஏழு குடுக்கணும்னா அதுக்கு ஒரு தகுதி வேணும்மா. இந்த வலிக்கு அது இருக்கானு யோசிச்சேன்."

அதன்பிறகு எல்லாச் சனியும் அந்தப் புள்ளியில்தான். தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்கும் பயிற்சியும் கொடுத்தாள். அதை அவர் தேர்வு அறையில் நின்றபடி செய்தார்; பாட்டில் இறங்கும்போதெல்லாம் பிட் வைத்திருந்தவர்கள் பயந்தார்கள். முதலில் டீ கிளாஸ் வலது கைக்குத் திரும்பியது. பிறகு சாக்பீஸ். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அக்கா அழுத்திப் பார்த்து, "ஆடலாம். வலிச்சா நிறுத்திரணும்" என்றாள்.

மார்ச் வெயிலில் மைதானமே நிறைந்திருந்தது. அக்காவும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து எல்லைக்கோட்டருகே நின்றாள். முதலில் சார் தட்டித் தட்டித்தான் ஆடினார். கையை நம்பவில்லை. நாங்கள் முன்னேறினோம். நான் கூசாமல், அவர் புறங்கையால் எடுக்க வேண்டிய இடப்பக்கமே அடித்தேன். அவரும் நகர்ந்து நகர்ந்து முன்கை வீச்சிலேயே சமாளித்தார். ஒவ்வொரு புள்ளியாகச் சமமாகி, கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது.

நான் உயர அடித்தேன். பந்து அவருடைய இடப்பக்கம் ஆழமாக இறங்கியது. நகர நேரமில்லை. புறங்கை ஒன்றுதான் வழி. சார் ஒரு கணம் அந்த முழங்கையைப் பார்த்தார். அடுத்த கணம் மட்டை காற்றைக் கிழித்தது. மஞ்சள் பந்து என் செருப்பில்லாத காலின் கட்டைவிரலில் வந்து விழுந்தது.

தோற்றோம். எங்கள் அணியே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தோற்ற அணி அப்படிக் கொண்டாடியதை எங்கள் கல்லூரி பார்த்ததில்லை.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "சார், இப்ப எம்புட்டு?"

அவர் கையை நீட்டி மடக்கி, தீர யோசித்தார். "அரை."

"சைபரே போடலாம்ல?"

"சைபர் போட்டா மறுமதிப்பீடு கேட்டு வந்துரும்மா."

நான் தோளிலிருந்த அவருடைய காலைப் பிடித்தபடியே கேட்டேன்: "சார், நான் ஆடுனதுக்கு?"

மேலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார்.

"மூணரை" என்றார்.

தோற்ற கேப்டனுக்கு அந்த வாரம் முழுக்கக் கேண்டீனில் டீ இலவசம்.