சும்மாசாமிக்குப் போட்ட பூஜ்யம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு உள்ள வேலை, சங்கம் கேட்பது ஒவ்வொன்றுக்கும் விலை போடுவது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தப் பேச்சு நடக்கும். சம்பளத்துக்கு ஒரு தாள், விடுப்புக்கு ஒரு தாள், வேலை விதிகளுக்கு ஒரு தாள். இந்த முறை மேலாளர் கேட்டது, இரண்டாள் விதியை எடுத்துவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று.

அட்டை வெட்டும் மெஷினில் ஒருவர் அட்டையைத் தள்ளுவார். இன்னொருவர் நாலு எட்டு தள்ளி, சுவரிலுள்ள சிவப்புப் பொத்தான் பக்கத்தில் நிற்பார். கத்தி இறங்கும்போது முதல் ஆளின் கை உள்ளே இருந்தால் அதை அழுத்தி மெஷினை நிறுத்த வேண்டும். வேறு வேலை இல்லை. இதுதான் இரண்டாள் விதி. மூன்றாம் மெஷினில் அப்படி நிற்பவருக்கு சும்மாசாமி என்று பெயர் விழுந்திருந்தது. அந்த மெஷினை ஓட்டுகிறவர் என் அக்காவின் கணவர்.

கையில் கடிகாரத்துடன் ஒரு வாரம் நின்று பார்த்தேன். எந்த மெஷினிலும் பொத்தான் அழுத்தப்படவில்லை. பதிவேட்டிலும் இரண்டு வருஷமாக ஒரு நிறுத்தம்கூட இல்லை. ‘பயன்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். பதினொரு மெஷின்களின் இரண்டாம் ஆட்களுடைய சம்பளத்தைக் கூட்டினால், நானூறு பேருக்குச் சங்கம் கேட்ட உயர்வு ஏறக்குறைய அப்படியே வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். சம்பளம் கூடும் என்றதும் அக்காவின் முகம் மலர்ந்தது. யாருக்கும் வேலை போகாது, சும்மாசாமியைக் கிடங்கில் காலியாக உள்ள இடத்துக்கு மாற்றுவார்கள் என்றேன். அத்தான் பிசைவதை நிறுத்தினார்.

“பூஜ்யமா போட்ட?”

“ஒரு வாரத்துல ஒரு தடவைகூட நிறுத்தலையே அத்தான்.”

“நீ கடிகாரத்தோட நின்னா எப்படி மாப்பிள்ளை நிறுத்துவோம்? பரீட்சை எழுதுற மாதிரி பார்த்துப் பார்த்துல்ல வெட்டினோம்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். போன மாதம் மட்டும் நாலு தடவை சும்மாசாமி பொத்தானை அழுத்தியிருக்கிறார். நாலு தடவையும் அத்தானின் கை கத்திக்குக் கீழே இருந்திருக்கிறது. பதிவேட்டில் எழுதினால் ஓட்டுகிறவர் மேல் தவறு விழும். மூன்று விழுந்தால் தரம் இறக்கிவிடுவார்கள். அதனால் யாரும் எழுதுவதில்லை. அத்தான் கையை வெளியே எடுப்பார். அப்புறம் மெஷின் ஓடும். எல்லா மெஷினிலும் இதே வழக்கம்தான். அக்கா இதை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாள் என்பது, அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே நின்றதில் தெரிந்தது.

“நான் மேல சொல்லிடவா?”

“சொன்னா நாலும் என் தலையிலதான் விழும். விடு.”

சாப்பாடு ஆறிப்போயிற்று.

திங்களன்று மேலாளரிடம், அந்தப் பூஜ்யம் சரியாக இல்லாமல் இருக்கலாம் என்றேன். அவர் கெட்டவரில்லை. பேனாவையே எடுத்துவிட்டார். “பேரும் தேதியும் சொல்லுப்பா, மாத்திடலாம்.” பேர் என்னிடம் இருந்தது. பேனா காத்திருந்தது. தெரியவில்லை என்று சொல்லி எழுந்து வந்தேன்.

பேச்சு மேசையில் சங்கத் தலைவர் என் தாளை நெடுநேரம் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் வெட்டும் மெஷினில் இருந்தவர். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார். மறுநாள் தொழிலாளர்களைக் கூட்டிச் சம்மதமா என்றார்கள். எழுந்த நானூறு கைகளில் அத்தானுடையதும் இருந்தது.

விதி போன முதல் நாள் மூன்றாம் மெஷின் பக்கம் போனேன். அத்தான் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். சிவப்புப் பொத்தான் பழைய இடத்திலேயே, அவரிடமிருந்து நாலு எட்டு தள்ளி இருந்தது. அதை அவர் பக்கம் கொண்டுவரும் செலவை நான் எந்தத் தாளிலும் சேர்க்கவில்லை. மேலாளரிடம் ஓடினேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டதே, எழுதி வை, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அடுத்த முறை என்றால் மூன்று வருஷம்.

அந்த ஞாயிறும் அக்கா வீட்டுக்குப் போனேன். பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“ஏன்டா தம்பி, அந்தப் பொத்தான் இவருக்கு எட்டுமா?”

“எட்டும், எட்டும்” என்றார் அத்தான், தட்டைப் பார்த்தபடி.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.