நிமிர்ந்து நின்ற படலம்

இரண்டாயிரமாம் ஆண்டில் மாரிகுப்பம் ரயிலில் ஆராய்ச்சிக்காகத் தினமும் பெங்களூர் போய்வந்தவர்கள் லதாவும் இன்பராஜும் மட்டுமே. இருவருக்கும் ஒரே வழிகாட்டி. மாங்கனீஸ் ஆக்சைடை ஒரு தகட்டின் மேல் அடுக்கடுக்காக, மெல்லிய படலமாக உலையில் வளர்ப்பது இன்பராஜின் வேலை. அதை எக்ஸ்ரேயில் அளப்பது லதாவின் வேலை. தகடு படலத்தைப் பக்கவாட்டில் இழுத்தால், அணுவின் எலெக்ட்ரான் முகில் அடுக்கோடு படுத்துக்கொள்ளும், நெருக்கினால் நிமிரும். தகட்டை மாற்றியே முகிலை ஆட்டுவிக்கலாம் என்பதுதான் அவளுடைய ஆய்வேடு.

போன மாதம் வளர்த்த ஒரு படலத்தில் மட்டும், தகடு இழுத்தபோதும் முகில் நிமிர்ந்து நின்றது. அடுக்குகளின் இடைவெளி கூடியிருந்தது. வழிகாட்டி அதைப் புது விளைவு என்றார். மாநாட்டில் லதாவே பேசட்டும் என்றார். அவளுக்கு அது முதல் மேடை.

ரயிலில் இன்பராஜுக்கு ஒரு சீட்டாட்டக் கூட்டம் உண்டு. நாலாவது ஆள் வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். மாநாட்டுக்கு முந்தைய வாரம், காலை ரயிலில் சீட்டைக் கலைத்தபடியே அந்தக் கூட்டத்துப் பர்னபாஸ் இன்பராஜிடம் சொன்னார்: "இன்னாப்பா, நேத்தும் சாயங்கால ஆட்டத்துக்குக் காணோம்? போன மாசம் மாதிரி அடுப்ப அணைச்சிட்டு ஓடியாந்திருக்கலாமே."

எல்லாரும் சிரித்தார்கள். லதா சிரிக்கவில்லை. படலம் ஆக்சிஜன் காற்றில் மெல்ல ஆற வேண்டும். ஆறுமுன் உலையை அணைத்தால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகும். அடுக்குகள் தாமாகவே விலகும், தகடு இழுத்தாலும் முகில் நிமிரும்.

பெங்களூரில் இறங்கியதும், அந்தப் படலம் ஆறுமுன் உலையை அணைத்தாயா என்று அவள் கேட்டாள். இன்பராஜ் மறுக்கவில்லை.

"அன்னிக்கு அதான் கடைசி வண்டி. அத வுட்டா நான் எங்க போய்ப் படுக்கறது? சாருக்கும் அந்த ரிசல்ட்டு புடிச்சிருந்துச்சு. அதான் வாய் தொறக்கல."

அன்றிரவு அவன் ஆய்வகத்திலேயே தங்கி அதே படலத்தை மறுபடி வளர்த்து, முழுக்க ஆறவிட்டான். மறுநாள் அளந்தபோது முகில் படுத்திருந்தது. புது விளைவு என்று எதுவும் இல்லை.

அது போனதில் அவளுக்கு வருத்தம் குறைவுதான். நெருக்கும் தகடுகளில் நிமிர்ந்து நின்றவை என்று அவள் எழுதியிருந்த படலங்கள்தான் மனதை அரித்தன. அவற்றை நிமிர்த்தியது தகடா, அணைந்த உலையா?

"வேற எதெல்லாம் அப்படி அணைச்ச?"

"நெனப்பு இல்ல லதா."

இருவரும் வழிகாட்டியிடம் போனார்கள். மாநாட்டுப் பேச்சை விலக்கிக்கொள்வதாக லதா சொன்னாள். நிமிர்ந்த படலங்கள் எல்லாவற்றையும் திரும்ப வளர்க்க வேண்டும், ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றாள். அவர், எந்தத் தகட்டில் தொடங்குகிறீர்கள் என்று கேட்டார்.