ஆறாவது குறை

1

இந்தக் கதை நான் வெட்டிய இரண்டு வரிகளிலிருந்து வந்தது. வெட்டியது கதையிலிருந்து அல்ல, ஒரு கார் விமர்சனத்திலிருந்து. பதினோரு வருடமாக ஒரு மோட்டார் பத்திரிகைக்குக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுவது என் பிழைப்பு. கதை எழுதுவது வியாதி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அவன் ஒரு கார் விமர்சகன். அவனுக்கு ஒரே ஒரு அக்கா. ஒருநாள் அவன்"

அதற்குமேல் ஓடவில்லை. 'அவன்' என்று எழுதும்போதே அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. இரக்கப்படுவதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. ஆகவே, நான்.

(என் கதைகளை முதலில் படிப்பவள் அக்கா. கையில் பென்சிலோடு உட்காருவாள். பிழை திருத்துவாள். நம்ப முடியாத இடம் வந்தால் ஓரத்தில் 'பொய்' என்று எழுதுவாள். எட்டு மாதமாக அவளிடம் எதுவும் கொடுக்கவில்லை.)

2

சின்னக் கார். பின்கதவை மேலே தூக்கிச் சாமான் ஏற்றுகிற, ஐந்து பேர் போகிற குடும்பக் கார். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி முழுக்க அதன் தலையில் விழும், எனக்கு வசதியாகிவிடும்.

நான்கு நாள் ஓட்டினேன். பிடித்துப்போயிற்று. எங்கள் பத்திரிகையில் கட்டுரை முடிகிற இடத்தில் ஒரு கட்டம் வரும்: நிறை ஐந்து, குறை ஐந்து. பாதி வாசகர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள். நிறைகள் மளமளவென்று வந்தன. பிரேக் கச்சிதம், மிதித்த இடத்தில் நிற்கிறது. பின்சீட்டில் மூன்று பேர் இடிபடாமல் உட்காரலாம். அந்தச் சீட்டின் முதுகை மடக்கினால் பீரோவே ஏற்றலாம். இப்படி ஐந்து. குறைகள்தான் ஆறு வந்துவிட்டன.

ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுத்தேன். கதவில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழிக்கு ஆழம் போதாது என்ற குறையை வைத்துக்கொண்டேன். பாட்டில் மாமியாரைப்போல வழிநெடுக முணுமுணுக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த நகைச்சுவையை விட மனசு வரவில்லை.

(ஒரு வரைவில் வெட்டியது பத்திரிகை ஆசிரியர் என்று வைத்திருந்தேன். முன்கோபி, வில்லனுக்கு ஏற்ற ஆள். அவர் பாவம், ஆறாவதாக ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.)

3

பத்திரிகை வந்த வாரம் அக்கா கேட்டாள்.

"ஏன்டா, அந்த வண்டிய எடுக்கலாமா? உங்க மாமா தினம் நச்சரிக்கிறாரு."

"கண்ண மூடிக்கிட்டு எடுக்கா."

"குறைன்னு அஞ்சு போட்டிருக்கியே?"

"அதெல்லாம் சும்மா. கட்டத்த ரொப்பணும்ல."

எடுத்தார்கள். மாமா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அரை மில்லிமீட்டர் தப்பினால் வீசிவிட்டு வேறு தேய்ப்பார். அக்கா துணி தைக்கிறவள். போன வருடம் தையல் கடையை ஊரின் மறுகோடிக்கு மாற்றினாள்.

கடை மாற்றிய அன்று மத்தியானம் மாமா தையல் மெஷினின் இரும்புத் தலையைக் காரின் பின்னால் வைத்தார். மடங்கியிருந்த சீட்டின் முதுகை நிமிர்த்தினார். டக். மகள் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. மாமா மிதித்தார். கார் மிதித்த இடத்தில் நின்றது. லாரியைத் தொடவே இல்லை. இன்றுவரை அந்தக் காரின் வெளியே ஒரு கீறல் கிடையாது. உள்ளே சீட்டின் முதுகு மட்டும் முன்னால் சாய்ந்தது, இரும்பு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது.

வாயாடி கடைசியாக என்ன பேசிக்கொண்டு வந்தாள் என்று ஒரு பத்தி எழுதினேன். நான் அந்தக் காரில் இல்லை. அடித்துவிட்டேன். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து

வேண்டாம்.

4

"ஒரு சீட்ட ஒழுங்கா மாட்டத் தெரியல. அரை மில்லிமீட்டர் பார்க்கிற மனுசனாம்!" இது அக்கா.

"டக்குனு கேட்டுச்சும்மா. சத்தியமா கேட்டுச்சு." இது மாமா.

எட்டு மாதமாக அந்த வீட்டில் இந்த இரண்டு வாக்கியங்கள்தான். மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை. கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் ஓட்டினேனே, எனக்கும் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. கோழை என்பதைத் தவிர வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை.

போன வாரம் மாமாவைக் கடையில் பார்த்தேன். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்து, திரும்பிப் போய் மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவையும் போனார்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மாப்ள. கேட்டுச்சா, கேட்ட மாதிரி இருந்துச்சான்னு தெரியல. நாந்தான் போல."

இந்த மாதத்தோடு வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள் அக்கா. அவரும் சரி என்றுவிட்டார். கடைக்கு மேலே ஒரு அறை பார்த்திருக்கிறார். மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது.

5

முடிவுகள் சில பார்த்தேன்.

மாமாவிடம் மட்டும் சொல்கிறேன். அவர் என் தோளைத் தட்டி, "விடு மாப்ள" என்கிறார். (அக்கா ஓரத்தில் என்ன எழுதுவாள் என்று தெரியும்.)

பெயர் போடாமல் அக்காவுக்கு ஒரு கடிதம். என் எழுத்துநடை அவளுக்கு அத்துப்படி. இரண்டாவது வரியில் பிடித்துவிடுவாள்.

எதுவும் சொல்வதில்லை. மாமா மேல்மாடி அறைக்குப் போகிறார். குழந்தையைக் கொன்றவர் தாமே என்று நம்பியபடி லென்ஸ் தேய்க்கிறார். நான் அடுத்த காருக்கு நிறை ஐந்து, குறை ஐந்து எழுதுகிறேன். இதுதான் இருப்பதிலேயே நம்பக்கூடிய முடிவு. அதனால்தான் பயந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

6

வெட்டிய வரிகள் இவை. எழுத்து மாறாமல் தருகிறேன்:

"பின்சீட்டின் முதுகை நிமிர்த்தினால் 'டக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் பூட்டிக்கொள்வதில்லை. இன்னொரு முறை பலமாகத் தள்ளினால் வருகிற இரண்டாவது 'டக்'தான் பூட்டு."

'வாசகரே' என்று கூப்பிட்டு முடிவை அவர் தலையில் கட்டுவது இந்த மாதிரிக் கதைகளின் தந்திரம். எனக்கு அது முடியாது. இந்தக் கதைக்கு வாசகர் ஒருத்திதான்.

அக்கா, அவருக்குக் கேட்டது நிஜம். அவர் செய்யாத தப்பை நீ அவர்மேல் போட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கட்டத்தை ரொப்பியதாகச் சொன்னேனே, அது பொய். கட்டத்துக்காக இந்த வரிகளை எடுத்தேன்.

நீ படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பது என் வழக்கம். இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். மாமாவைப் போனில் கடையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை. வாசலில் நிற்கிறார். பென்சில் உன் கையில் இருக்கிறது. யாரை உள்ளே கூப்பிடுவது, யாரை வெளியே போகச் சொல்வது என்பதைக் கீழே எழுது, இடம் விட்டிருக்கிறேன்.