மெஷின் எண்ணிய கொழுப்பு

பெரிய டாக்டர் ஓர் அறைக்குள் நுழையும் முன்பே அவருடைய தொண்டைச் செருமல் நுழைந்துவிடும். அன்று ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குள் செருமலுக்குப் பின்னால் அவரும், அவருக்குப் பின்னால் நான்கு உதவி டாக்டர்களும் வந்தார்கள்.

“ஒண்ணேகால் லட்சம்!” ரிப்போர்ட்டைக் கொடிபோல் உயர்த்தினார். “நேத்து வெறும் எட்டாயிரம். சோயாவிலேர்ந்து எடுத்த கொழுப்பு, ஒரே பாட்டில் ஏத்தினேன். பிளேட்லெட் எங்க போயிருக்கு பாருங்க!”

நான்கு தலைகளும் ஒரே தாளத்தில் ஆடின.

“அந்தப் பொண்ணுக்கு எடுத்துவச்ச பிளேட்லெட் பையைத் திருப்பி அனுப்பிடுங்க. நாளைக்கு வீட்டுக்குப் போகட்டும்.”

கூடத்து டெக்னீஷியன் கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெண் அவள் தங்கை. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் தட்டணுக்கள் குறைந்து, ஒரு வாரமாக ஈறில் ரத்தம் கசிந்து கிடப்பவள்.

“ஸ்லைடு பார்த்துட்டு அனுப்பலாம் சார்.”

“மெஷின் பொய் சொல்லுமாம்மா?”

“சொல்லாது சார். ஆனா பொடிசா எது கண்ணுல பட்டாலும் பிளேட்லெட்னு எண்ணிடும்.”

கண்ணாடியில் ரத்தத்தைத் தீட்டிச் சாயமேற்றிப் பார்த்தாள். ஊதாத் தட்டணுக்கள் அங்கொன்று, இங்கொன்று. மற்றதெல்லாம் சாயமே பிடிக்காத வெற்று வட்டங்கள்: நேற்று ஏற்றிய கொழுப்பு.

பெரிய டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது செருமல் வரவில்லை.

“பை இருக்கட்டும். எனக்கு அப்பவே சந்தேகம்,” என்றார்.

அதற்கும் நான்கு தலைகள் ஆடின.

அக்கா வார்டுக்கு ஓடினாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

“உனக்கு எண்ணிக்கை ஏறலடி. கொழுப்பைத்தான் மெஷின் எண்ணியிருக்கு.”

“அப்ப இது எப்படி நின்னுச்சு?” தங்கை வாயை ஆவென்று திறந்தாள். ஈறு காய்ந்திருந்தது. ஈறில் ஒற்றிவைத்திருந்த பஞ்சு வெள்ளையாகவே கிடந்தது.

அக்கா நம்பவில்லை. ரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகிறதென்று பார்க்கத் தங்கையின் காது மடலில் ஊசியால் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை உறிஞ்சுதாளால் ஒற்றினாள். முந்தாநாள் இதே சோதனையில் இருபது நிமிடமாகியும் நிற்காத ரத்தம். இன்று பொட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. எட்டாவது நிமிடம் தாள் வெள்ளை.

பின்னாலேயே வந்து நின்றிருந்த பெரிய டாக்டர் கேட்டார்: “எண்ணிக்கை ஏறாம எப்படிம்மா நிக்குது?”

“தெரியல சார்.”

“எனக்கும் தெரியல,” என்றார். நான்கு தலைகளும் எப்படி ஆடுவதென்று தெரியாமல் நின்றன.

“ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருத்தர் ரத்தம் வேணும் சார்,” என்றாள் அக்கா.

பெரிய டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதைக் காட்டினார்.

“அழுத்திக் குத்துக்கா,” என்றாள் தங்கை.