மூன்றாவது உறை

"கண்ணாடிய வச்சீங்களா? அது இல்லாம என் தம்பி வாசப்படிகூட இறங்க மாட்டானே!"

அழுகையை நடுவில் நிறுத்திவிட்டுச் செல்லாயி கேட்டாள். இறந்தவருக்கு மூத்த அக்கா அவள். சாவு வீட்டு முறையெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். யாரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இராமசாமியின் சட்டைப் பைக்குள் செருகினார்கள். அதன் பின் சவப்பெட்டிக்குள் ஒரு வேட்டி, நீலக் கம்பளிச் சட்டை, சவரம் செய்கிற பிரஷ். புதன்கிழமை காலை முகத்தில் நுரையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. இன்று வெள்ளி. மூன்றரைக்கு எடுப்பதாகப் பேசியிருந்தார்கள்.

சுந்தரம்மா தலைமாட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் அழுததில் குரல் போய்விட்டது. புருசன் செத்த வீட்டில் பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு வேலையும் கிடையாது. ஒரு கோப்பையைக் கழுவக்கூட விடமாட்டேன் என்கிறார்கள். வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வெளியே போய் மாத்தளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள்.

அப்போதுதான் கிருஷாந்தினி அறைக்குள்ளிருந்து வந்தாள். கையில் அந்தக் கறுப்புப் பேக். இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்தது போலத் தடிமனான, மூன்று பக்கமும் ஜிப் ஓடுகிற சீடி பேக்.

"இதையும் வைக்கணும்" என்றாள்.

"அது எதுக்குடி?" என்றாள் செல்லாயி.

"அப்பாவுக்கு இதுதானே அத்தை உசுரு. நாங்க தொடப் போனாக்கூட சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வரச் சொல்லுவாரு. இனி இத வச்சு யாரு பாக்கப் போறா?"

கடைசி வார்த்தைகளைப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். அது யாருக்குப் போட்ட போடு என்று சுந்தரம்மாவுக்கு நன்றாகவே தெரியும். அவள் குவைத்திலிருந்து வீடு திரும்பிய இந்தப் பதின்மூன்று வருடத்தில் கிருஷா அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவாள். மரியாதைக்குக் குறைவில்லை. நீங்க, வாங்க எல்லாம் உண்டு. பெற்ற மகள் வாயில் அந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

பேக்கை இராமசாமியின் கால்மாட்டில், வேட்டிக்கு மேல் வைத்தாள். இளையவன் துஷாந்த் அதற்கு அடியில் கசங்கிய வேட்டியை நீவிவிட்டான்.

இரண்டாயிரத்து ஐந்தில் சுந்தரம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனபோது கிருஷாவுக்கு ஆறு வயது, துஷாந்த்துக்கு இரண்டு. இரண்டு வருடத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைவிட்டு உக்குவளையில் இந்தத் துண்டு நிலத்துக்கு வந்து, அத்திவாரம் போட்டு, கூரை ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு ஏழாகிவிட்டது. இராமசாமிக்கு மாத்தளை டவுனில் ஸக்கரியா நானாவின் ஸ்டூடியோவில் வேலை. கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பார். எடுத்து முடித்த பிறகு டேப்பில் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ மிஞ்சும். நானாவிடம் கேட்டு, கமராவை வீட்டுக்குக் கொண்டு வந்து அந்த மிச்சத்தில் பிள்ளைகளை எடுப்பார். மறுநாள் கடையில் உட்கார்ந்து அதை மட்டும் ஒரு சீடியில் ஏற்றி, மேலே மார்க்கர் பேனாவால் ஓர் எண் போடுவார். அம்மா போய் எத்தனையாவது மாதமோ அந்த எண்.

பேக்கில் பக்கத்துக்கு நாலு உறை. மாதத்துக்கு ஓர் உறை. ஆடியில் கல்யாணம் குறைவு, டேப் மிஞ்சாது. அந்த உறை காலியாகவே இருக்கும். அடுத்த மாதத்தை இழுத்து அதில் போடுகிற ஆள் அவர் இல்லை. மற்ற காரியங்களில் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற மனுசனுக்கு இதில் மட்டும் அப்படியொரு கண்டிப்பு. ஒவ்வொரு டிசம்பர் லீவுக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பழைய பனியன் துணியால் துடைப்பார். நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். கடைசியில் ஜிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்து, இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்ப்பார். "அம்மா வந்து வரிசையாப் பாக்கணும்ல" என்பார்.

அம்மாவும் வந்தாள். வந்த அன்றே சாயங்காலம் மனுசன் டீவிக்கு முன்னால் பாய் விரித்துவிட்டார். முதல் சீடியில் பிள்ளைகள் இரண்டும் சும்மா நின்றன. இரண்டாவதில் துஷாந்த் கோழியைத் துரத்தினான். மூன்றாவதில் கிருஷா வாயைத் திறந்து, விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டினாள். பல்லைக் கூரைமேல் வீசிவிட்டு, கமராவுக்கு மிக நெருக்கமாக வந்து, "அம்மா, பாத்தீங்களா?" என்றாள்.

சுந்தரம்மா எழுந்துவிட்டாள். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அவள் குவைத்துக்குப் போன மூன்றாவது மாதம், மேடத்தின் மகள் நூராவுக்கும் பல் ஆடியது. அதற்கும் ஆறு வயது. அது அழ அழ, மடியில் படுக்க வைத்து, நூல் கட்டி எடுத்துவிட்டவள் சுந்தரம்மாதான். அங்கே சூரியனைப் பார்த்து வீச வேண்டுமாம். மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், கையைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தாள். அது அவளைக் கட்டிப்பிடித்துச் சிரித்தது. அன்றைக்கு அவளும் சிரித்தாள். அதை நினைத்துத்தான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் யாருக்கு விளங்கும்?

பிறகு எத்தனையோ நாள் பார்க்க ஆசை வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனுசன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்து போட்டிருப்பார். கேட்க வாய் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று இருந்ததில் டிவிடி ப்ளேயர் பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போனது. அவர் மட்டும் டிசம்பருக்கு டிசம்பர் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஸக்கரியா நானா வந்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று, "ராமசாமி ரெண்டு மாசமாச் செல்லிட்டே ஈந்தார், தங்கச்சி. பழைய சீடியெல்லாம் கெட்டுப் போற காலம், கடையில கம்பியூட்டர்ல போட்டு எடுத்துவச்சிருவம்னு. நான்தான் நோன்பு முடியட்டும், நோன்பு முடியட்டும்னு தள்ளிட்டேன்" என்று கண்ணைத் துடைத்தார்.

இப்போது அந்தப் பேக் மண்ணுக்குள் போகப் போகிறது. அவள் இல்லாத ஏழு வருடமும் அதோடு போய்விடும்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க" என்று வெளியே குரல் கேட்டது. கூட்டம் நெருக்கியது. மகன் போட்டான், மகள் போட்டாள், செல்லாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு போட்டாள். சுந்தரம்மாவை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அவள் கையிலிருந்த அரிசி பாதி அவர் கழுத்தில் சிந்தியது. பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் மூடியைத் தூக்கினார்கள்.

"இருங்க" என்றாள் சுந்தரம்மா.

குரல் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. பிடித்திருந்த கைகளை உதறிவிட்டுக் கால்மாட்டுக்குப் போய், மூடிக்குக் கீழே கையை நீட்டி, பேக்கைப் பிடித்தாள்.

"சுந்தரம்! என்ன செய்ற நீ?" செல்லாயி ஓடி வந்தாள். "பெட்டியில வச்சத எடுக்கக் கூடாது. ஆகாது!"

"எனக்கு ஆகாம இனி என்ன மதினி இருக்கு?"

கிருஷா எதிர்ப்பக்கத்தில் நின்று பேக்கின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். "உங்களுக்கு எதுக்கு?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "மூணாவது சீடியிலயே எந்திரிச்சுப் போனீங்க. அடுப்புல சோறுன்னு சொன்னீங்க. சோறு ஆக்கி இறக்கி வச்சதே நான்தான்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை, அம்மா வருகிறாள் என்று ஆக்கி வைத்த சோறு. சுந்தரம்மாவுக்கு அது இன்றுவரை ஞாபகம் வந்ததே இல்லை. ஆனாலும் பேக்கை விடவில்லை.

"எனக்கு வேணும் கிருஷா" என்றாள். "குடுத்திரு."

மலர்ச்சாலைக்காரர்கள் மூடியைத் தூக்கியபடியே நின்றார்கள். துஷாந்த் அக்காவின் தோளில் கை வைத்தான். கிருஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பெட்டிக்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

மூடியை இறக்கிவிட்டார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். வெள்ளைக்கொடி கட்டிய பாதை வழியாகத் தப்பு மேளச் சத்தம் ரயில் கேட்டைத் தாண்டிப் போகும்வரை சுந்தரம்மா அந்தப் பேக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கம்மிய குரலில் கதறினாள்.

மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. வீடு கழுவுகிற வேலை இருந்தது. செல்லாயி கோபத்தில் முகம் கொடுக்காமல் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். கிருஷா தரையைத் தேய்த்துத் தள்ளினாள். ஆட்கள் குறைந்தார்கள். ஸக்கரியா நானா வீட்டிலிருந்து பாண் ரொட்டியும் பருப்பும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் வந்தன. கொண்டு வந்த ஆளிடம் நானா சொல்லி அனுப்பியிருந்தார்: எட்டாம் நாள் காரியம் முடியட்டும், பேக்கைக் கடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க, ஓடுறத எல்லாம் எடுத்துத் தாறேன்.

சுந்தரம்மா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டப் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். பேக் மடியில் இருந்தது. ஜிப் அசையவில்லை. போன டிசம்பரில் விடாத மழை. அவர் இருமலோடு படுத்துக் கிடந்தார், மெழுகு தேய்க்கவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள். விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். இதைக்கூடத் திறக்கத் தெரியாதவளுக்கு இது எதற்கு என்று தன் மீதே ஆத்திரம் வந்தது.

பின்னால் காலடி கேட்டது. கிருஷா. கரண்ட் போகும்போது கொளுத்தச் சாமித் தட்டில் வைத்திருக்கிற மெழுகுதிரித் துண்டு அவள் கையில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பேக்கைத் தன் மடிக்கு இழுத்து, ஜிப்பின் பற்களில் மெழுகைத் தேய்க்கத் தொடங்கினாள். அப்பா தேய்க்கிற அதே மாதிரி, மேலும் கீழும், அவசரமில்லாமல்.

"மூணாவது சீடியில உனக்குப் பல்லு விழுந்திருக்கும்" என்றாள் சுந்தரம்மா.

"ஞாபகமில்ல."

"அதே மாசம் அங்க அந்தப் புள்ளைக்கும் விழுந்துச்சு. நூராவுக்கு. நான்தான் எடுத்துவிட்டேன். மடியில படுக்கவச்சு." கழுத்தில் வழிந்த தலை ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள். "உன்னோட பல்ல டீவியில பாத்தேன்."

கிருஷாவின் கை ஒரு கணம் நின்றது. மறுபடி தேய்த்தது. மெழுகுத் தூள் அவள் பாவாடையில் உதிர்ந்தது. பிறகு ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு மூலையில் சிக்கி, மறுபடி ஓடி, மூன்று பக்கமும் திறந்துகொண்டது.

முதல் பக்கம். ஒன்று, இரண்டு. மூன்றாவது உறையில் ஒன்றும் இல்லை. நாலு இருந்தது.

"மூணு இல்லையே" என்றாள் கிருஷா.

"டேப் மிஞ்சியிருக்காது."

"மூணு இருந்துச்சு. அன்னைக்குப் போட்டாரே." அவள் பக்கங்களைப் புரட்டினாள். அப்பா சீடியை இடம் மாற்றி வைக்கிற ஆள் இல்லை. ஐந்து, ஆறு, ஆடிக்குக் காலி உறை. பன்னிரண்டு. இருபத்திரண்டு. அறுபது. எண்பத்து நாலோடு முடிந்தது, அவள் திரும்பி வந்த மாதம். அதற்கு அப்புறம் வெறும் பக்கங்கள். கிருஷா அவற்றையும் விடாமல் புரட்டினாள்.

கடைசிப் பக்கத்தின் கடைசி உறையில், தனியாக, ஒரு சீடி இருந்தது. மேலே மூன்று என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில் சின்னதாக: அம்மாவுக்கு இது கடைசியில்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து செல்லாயி, தேத்தண்ணி ஆறுது, இரண்டு பேரும் வாங்கடி என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

கிருஷா சீடியை உருவி எடுத்தாள். பாவாடையின் காய்ந்த ஓரத்தால் நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே துடைத்தாள். முதல் பக்கத்துக்குத் திருப்பி, மூன்றாவது உறையின் வாயை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, சீடியை அம்மாவிடம் நீட்டினாள்.

சுந்தரம்மாவுக்கு அதை எப்படி வாங்குவதென்று தெரியவில்லை. பெருவிரல் பளபளப்பின்மேல் படப் போனது.

"ஓரத்தப் பிடிங்கம்மா" என்றாள் கிருஷா.

அவள் ஓரத்தைப் பிடித்தாள்.